மொரோக்களும் .45 துப்பாக்கியும்: நாம் பெருமையோடு பகிரும் ஒரு கதை



கொஞ்ச நாளாக ஊர்க் குழுக்களில் ஒரு பதிவு சுற்றுகிறது. பிலிப்பைன்ஸின் மொரோ முஸ்லிம்கள் எத்தனை சூடு பட்டும் விழவில்லையாம், அதனால்தான் அமெரிக்கர்கள் .45 கைத்துப்பாக்கியையே செய்தார்களாம். கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்". நாமும் ஒரு காலத்தில் இதை வகுப்பில் சொன்னவர்கள்தான். ஆகவே கணக்கைச் சரிசெய்யும் கடமையும் நமக்கு உண்டு.

முதலில் பெயர். ஸ்பெயின்காரர் தம் நாட்டில் போரிட்ட முஸ்லிம்களுக்கு வைத்த பெயரை அப்படியே மிண்டனாவோ, சூலு மக்கள் மீதும் ஒட்டினார்கள். போர்த்துக்கேயர் இங்கே நமக்குச் செய்ததும் அதுவே. நமது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் தமிழில் 'சோனகர்', ஆங்கிலத்தில் 'மூர்'. மொரோவும் மூரும் ஒரே சொல்.

இனி ரவை. 1873 முதல் அமெரிக்க இராணுவத்திடம் இருந்தது .45 ரிவோல்வர். 1892இல் அதை விட்டு .38க்கு மாறினார்கள். உதைப்புக் குறைவு, வேகமாகச் சுடலாம், ரவை மாற்றுவதும் இலகு. ஆனால் ரவை 150 கிரெய்ன்தான், பழையது 250 கிரெய்ன் அளவு. இன்னொரு குறை பலருக்குத் தெரியாது. அந்த .38 ரவை குழாயின் உள்விட்டத்தை விடச் சற்று ஒல்லி. அடிப்பகுதியைக் குழிவாக வார்த்து, வெடிக்கும்போது அது விரிந்து குழாயைப் பிடிக்கும் என்று நம்பினார்கள். ரவை குழாயின் திருகுவரிகளைச் சரியாகப் பிடிக்காவிட்டால் நேராகப் போகாது. 1903 மாதிரியில் குழாயையே சற்று ஒடுக்கினார்கள்.

சூலுவில் கத்தியோடு பாய்ந்தவர்களை அந்த .38 நிறுத்தவில்லை என்று முறைப்பாடுகள் வந்தது உண்மை. பழைய .45களைத் தூசு தட்டி அனுப்பியதும் உண்மை. 1904இல் தொம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிக்காகோவின் மாட்டுத் தொழுவங்களில் உயிருள்ள மாடுகளிலும், வேறிடத்தில் மனித சடலங்களிலும் சுட்டுப் பார்த்தார்கள். (வாசிக்கவே மனம் கூசும் அறிக்கை அது.) .45க்குக் குறையக் கூடாது என்றார்கள். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: உடம்பின் பெரும்பகுதியில் எந்த ரவை பட்டாலும் ஆள் உடனே விழமாட்டான், ஆகவே குறி தவறாமல் சுட இடைவிடாது பயிற்றுங்கள். இந்தப் பாதியை யாரும் பகிர்வதில்லை.

லகார்ட் பிறகு எழுதிய புத்தகத்தில் .38இன் தோல்விக்குக் காட்டும் பேர்போன உதாரணம், 1905 ஒக்டோபரில் தப்பியோட முயன்ற கைதி ஒருவர். கிட்ட நின்று நான்கு முறை சுட்டும் விழாமல், கடைசியில் துப்பாக்கிப் பிடியால் நெற்றியில் அடித்தே வீழ்த்தினார்கள். அது நடந்தது சமர் தீவில். சமர் கிறிஸ்தவத் தீவு!

அப்படியானால் 'விழாத மொரோ' எங்கிருந்து வந்தான்? குறி தவறியதைச் சொல்வதை விட, எதிரி வெறி பிடித்தவன் என்று சொல்வது இராணுவத்துக்கு இலகு. சூலு மக்கள் அதை ஃபீ ஸபீலில்லாஹ்விலிருந்து வந்த சொல்லால் 'பராங் சபீல்' என்றார்கள். அந்த மக்களோடு 1899இல் செய்த உடன்படிக்கையை அமெரிக்கா 1904இல் ஒருதலைப்பட்சமாகக் கிழித்தது. அந்தக் கோபத்தைப் பற்றி துப்பாக்கிக் கதையில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் நம்மை மிருகமாகக் காட்ட எழுதியதை நாம் வீரமென்று பகிர்கிறோம்.

1906 மார்ச்சில் ஹோலோ தீவின் புட் டாஹோ எரிமலை வாயில் தஞ்சமடைந்திருந்த பல நூறு பேரை, பெண்கள், பிள்ளைகள் உட்பட, பீரங்கியாலும் நீள்துப்பாக்கிகளாலும் கொன்றார்கள். அமெரிக்கர் தரப்பில் இறந்தவர்கள் இருபது பேர் அளவில். அங்கே யாரும் விழாமல் நிற்கவில்லை. 1911 மார்ச் 29இல் .45 பிஸ்டல் இராணுவத்தின் ஆயுதமானபோது, அவர்கள் மண்ணுக்குள் போய் ஐந்து வருடம்.