பெற்றோரின் கொடையும் மணமக்களின் சம்மதமும்

1950களில் திருவொற்றியூரில் எழுந்த என்பீல்டு போன்ற தொழிற்சாலைகள் வடசென்னை இளைஞருக்கு நிலையான மாதச் சம்பளம் தந்தன. இன்றோ ஒப்பந்தக் கூலியில் உழைக்கும் பிள்ளை இளவயதிலேயே மணமுடித்தால், திருமணச் செலவும் வாடகை வீட்டு அட்வான்சும் பெற்றோரின் தலையிலேயே விழுகின்றன. அப்படியாயின், பணம் கொடுப்பவரே முடிவும் எடுக்கலாமா?

இக்கேள்வி மிகப் பழையது. 1556இல் பிரான்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, தங்கள் இசைவின்றி மணந்த 30 வயதுக்குட்பட்ட மகனையும் 25 வயதுக்குட்பட்ட மகளையும் சொத்துரிமையினின்று விலக்கப் பெற்றோருக்கு அதிகாரம் அளித்தார். ஆனால் 1563இல் திரெந்து பொதுச்சங்கம், அத்தகைய திருமணங்களைத் திருச்சபை விரும்பாவிடினும், பெற்றோர் இசையவில்லை என்பதனாலேயே அவை செல்லாதவை ஆகா என்று அறுதியிட்டது. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது; அதனை வேறெவரும் ஈடுசெய்ய முடியாது.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என வயதை வரையறுத்தது. வருவாயை அது கேட்கவில்லை. அக்கேள்வியைக் குடும்பமே கேட்க வேண்டும். பெற்றோராகிய நாம் கொடுப்போம். ஆனால் கொடுத்ததைக் காட்டி இளந்தம்பதியரின் வீட்டை ஆளாதிருப்போம். பெறுவோரும், தம் காலில் நிற்கும் நாளை இன்றே குறித்துக்கொள்வார்களாக!