கடிமரமும் வளவு மரமும்

வகுப்பிலே புறப்பாடல்களைக் கற்பிக்கும்போது கடிமரம் தடிந்த செய்தி அடிக்கடி வரும். பகை வேந்தனின் காவல்மரத்தை வெட்டி, அதனால் முரசு செய்வது வென்றவனுக்குப் பெருமை. ஆனால் அம்மரம் அரசனுக்குரியது. குடியானவனின் வளவிலே நின்ற பழமரங்களைத் தேடிச்சென்று ஒரு படை வெட்டிய கதை வேறு. அது 1864 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியில் நடந்தது.

அங்கே கன்யன் டி ஷெய் என்றொரு பள்ளத்தாக்கு. செங்குத்தான செம்பாறைச் சுவர்களின் அடியில் நவஹோ மக்கள் சோளம் விதைத்தனர். வீடுகளருகே பீச் மரம் வளர்த்தனர். பீச் சீனத்துக் கனி. பாரசீகத்தின் வழியே மேற்கே சென்றதால் அந்நாட்டின் பெயரை ஒட்டிக்கொண்டது. ஸ்பானியரோடு கடல் கடந்தது. வளர்ப்பதும் பெரிய வித்தையன்று. தின்ற பழத்தின் கொட்டையைப் புதைத்தால் முளைக்கும். மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்க்கும். பழத்தைப் பிளந்து பாறைமீது காயவிட்டால் குளிர்காலத்துக்கு உணவு.

1863 இல் கிட் கார்சன் தலைமையில் அமெரிக்கப் படை நவஹோக்களைப் பணியவைக்கப் புறப்பட்டது. பயிரை எரித்தது, ஆடுகளைக் கைப்பற்றியது. பசி தாளாது சரணடைந்தவர்கள், நியூ மெக்சிக்கோவிலுள்ள பொஸ்கே ரெடொண்டோவுக்கு ஏறத்தாழ 300 மைல் நடத்திச் செல்லப்பட்டனர். வழியிலும் முகாமிலும் மாண்டவர் பலர்.

மக்களிற் பெரும்பாலோர் போன பின்னர், 1864 கோடையில், கப்டன் ஜோன் தொம்சனின் படையினர் பள்ளத்தாக்கினுள் இறங்கி ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தனர். சோளத்தை எரித்தவன் அவ்வாண்டின் உணவை அழித்தான். மரத்தை வெட்டியவனோ, அவர்கள் திரும்பிவரக் காரணமே இருக்கக்கூடாது என்று எண்ணினான் போலும்.

எனினும் திரும்பினார்கள். 1868 யூன் 1 இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 15,000 ஆடுகள், நிலமெடுத்துப் பயிரிடும் குடும்பத்துக்கு முதலாண்டில் 100 டொலர் வரை விதையும் கருவிகளும் என்றெல்லாம் அதிலே எழுதினார்கள். வெட்டிய மரங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மீண்டும் கொட்டைகளைப் புதைத்தார்கள். வந்த ஆண்டிலேயே ஊன்றியிருந்தாலும் 1871, 72 வரையில் காத்திருக்க வேண்டும். அந்த நெடுநடையின்போது பிறந்து, முகாமிலே வளர்ந்த பிள்ளை, தன் வளவுப் பழத்தை முதன்முதல் கடித்தபோது ஏழெட்டு வயதாகியிருக்கும்.