ரான் ஹோவர்ட்

ரான் ஹோவர்ட் (பிறப்பு: மார்ச் 1, 1954) அமெரிக்கத் திரைப்பட இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர். தொலைக்காட்சியில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமாகி, ஆஸ்கர் விருது பெற்ற இயக்குநராக உயர்ந்தவர். படப்பிடிப்புத் தளத்திலேயே வளர்ந்து, அங்கேயே தொழில் கற்றவர்.

இளமை

ஓக்லஹோமா மாநிலத்தின் டங்கன் நகரில் பிறந்தார். தந்தை ரான்ஸ், தாய் ஜீன் இருவரும் நடிகர்கள். மகனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராத வயதிலேயே வசனங்களைச் சொல்லிக்கொடுத்துப் பழக்கிய தந்தையே முதல் ஆசிரியர்.

தொலைக்காட்சிக் காலம்

சிபிஎஸ் ஒளிபரப்பிய 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ' தொடரில் (1960–1968) ஊர்க்காவல் அதிகாரியின் மகன் ஓப்பியாக நடித்தார். தொடங்கியபோது வயது 6, முடிந்தபோது 14. தான் சொன்ன வசன மாற்றம் ஒன்றை இயக்குநர் ஏற்றுக்கொண்டதைப் பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஜார்ஜ் லூகாஸின் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) படத்தை அடுத்து, ஏபிசியின் 'ஹேப்பி டேஸ்' தொடரில் ரிச்சி கன்னிங்ஹாமாக நாடறிந்த முகமானார். இடையே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்றார். படிப்பை நிறைவு செய்யவில்லை.

இயக்குநராக

குறைந்த செலவில் படமெடுப்பதில் பெயர்பெற்ற ரோஜர் கோர்மன், தன் 'ஈட் மை டஸ்ட்' (1976) படத்தில் ஹோவர்ட் நடித்ததற்கு ஈடாக இயக்கும் வாய்ப்பை அளித்தார். தந்தையுடன் சேர்ந்து எழுதிய 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' (1977) அப்படி உருவானது. 1980இல் 'ஹேப்பி டேஸ்' தொடரிலிருந்து விலகி, இயக்கத்தில் முழுமூச்சாக இறங்கினார். தொடரில் உடன் நடித்த ஹென்றி விங்க்லரை 'நைட் ஷிஃப்ட்' (1982) படத்தின் நாயகனாக்கினார். டாம் ஹாங்க்ஸ் நடித்த 'ஸ்பிளாஷ்' (1984) பெருவெற்றி பெற்றது. பின்னர் பிரையன் கிரேசருடன் இமேஜின் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

'அப்போலோ 13' (1995) படத்தின் எடையின்மைக் காட்சிகளுக்காக, நாசாவின் பயிற்சி விமானத்துக்குள் அரங்கம் அமைத்தார். விமானம் வளைந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் கிடைத்த சுமார் 25 விநாடிக்குள் நடிகர்கள் மிதந்தபடி நடித்தனர். கணிதமேதை ஜான் நாஷின் வாழ்க்கையைச் சொல்லும் 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) சிறந்த படம், சிறந்த இயக்குநர் உள்ளிட்ட 4 ஆஸ்கர்களை வென்றது. 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களின் மீட்பை 'தர்ட்டீன் லைவ்ஸ்' (2022) ஆக்கினார்.

மதிப்பீடு

நடிகரின் தேவையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதே ஹோவர்டின் பெரும்பலம். 'ககூன்' (1985) படத்துக்காக மூத்த நடிகர் டான் அமீச்சியும், 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' படத்துக்காக ஜெனிபர் கானலியும் துணைப் பாத்திரங்களுக்கான ஆஸ்கரைப் பெற்றது இவரது இயக்கத்தில்தான்.