ஆறு விட்டு ஆறு தாவிய மீன் நோய்



ஆற்றோரமாக வாழ்ந்த பெரியவர்கள் பலர் தூபா வேரை அறிந்திருப்பார்கள். மலாய்க்காரர்களும் ஓராங் அஸ்லி மக்களும் அந்தக் கொடியின் வேரை நசுக்கி, பால் போன்ற சாற்றை ஆற்றில் கலப்பார்கள். சற்று நேரத்தில் மீன்கள் மயங்கி மிதக்கும். இப்படி நஞ்சு கலந்து மீன் பிடிப்பது இன்று நம் நாட்டில் சட்டப்படி குற்றமாகும். ஆனால் ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே நாட்டில், தூபா வேரில் இருக்கும் அதே ரோட்டினோன் என்னும் நஞ்சை அரசாங்கமே பல ஆறுகளில் கலந்தது. மீன் பிடிப்பதற்காக அன்று, மீன் இனத்தைக் காப்பாற்றுவதற்காக! இந்த நிலை எப்படி ஏற்பட்டது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நார்வே ஆறுகளின் செல்வம் சால்மன் மீன். அது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துப் பிரபுக்கள் இந்த மீனுக்குத் தூண்டில் போடக் கப்பலேறி நார்வேக்குப் போனார்கள். ஆற்றங்கரை நிலம் யாருடையதோ, மீன்பிடி உரிமையும் அவருடையது. அதைக் குத்தகைக்கு விட்டு வரும் பணம் விவசாயக் குடும்பங்களுக்கு நல்ல வருமானமாக இருந்தது.

1975ஆம் ஆண்டில் நார்வேயில் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையிலும் ஓர் ஆற்றிலும் சால்மன் குஞ்சுகளின் தோலில் ஒரு புழு காணப்பட்டது. அதன் பெயர் கைரோடாக்டைலஸ் சலாரிஸ். சுவீடன் நாட்டு அறிஞர் மால்ம்பெர்க் 1957இல் அதை விவரித்து எழுதியிருந்தார். பால்டிக் கடலில் கலக்கும் ஆறுகளின் சால்மன்கள் நெடுங்காலமாக அந்தப் புழுவோடு வாழ்ந்து பழகியவை. அதனால் அவற்றுக்குப் பெரிய கேடு நேரவில்லை. ஆனால் நார்வே மீன்கள் அந்தப் புழுவை அறியாதவை. பால்டிக் பகுதிப் பண்ணைகளிலிருந்து மீன்கள் கொண்டுவரப்பட்டபோது புழுவும் கூடவே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர்களின் நோக்கம் நல்லதுதான். மீன்களும் பார்வைக்கு நலமாகவே இருந்தன. நேயர்களே, இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைச் சுமக்கும் மீன் எப்போதும் நோயாளியாகத் தோன்றுவதில்லை.

இந்தப் புழுவின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். 16 சிறு கொக்கிகளால் மீனின் தோலைப் பற்றிக்கொள்ளும். இது முட்டையிடுவதில்லை, குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த குட்டி வளர்ந்துகொண்டிருக்கும்! ஆகவே ஒரு மீனின் மேல் ஒரே ஒரு புழு ஏறினால் போதும், சில வாரங்களில் பெருங்கூட்டமாகிவிடும். தோல் புண்ணாகிக் குஞ்சு மடியும். நோய் கண்ட ஆறுகளில் சால்மன் குஞ்சுகள் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. பண்ணை மீன்களை ஆறுகளில் விட்டதாலும், ஆற்று முகங்களின் உப்புக் குறைந்த நீரில் மீன்கள் ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போனதாலும் நோய் சுமார் 50 ஆறுகளுக்குப் பரவியது.

இனி என்ன செய்வது? புழு வாழ்வது மீனின் உடலில்தான். மீனே இல்லாவிட்டால் புழுவும் இல்லை. எனவே 1980களிலிருந்து ஆறுகளில் ரோட்டினோன் கலந்து, உள்ள மீன்களையெல்லாம் அழித்தார்கள். கடலுக்குப் போயிருந்த சால்மன்கள் தப்பின. அவற்றின் மேலிருந்த புழுக்களைக் கடல் உப்பே கொன்றுவிட்டது. ஒவ்வோர் ஆற்றின் மீன் வித்தும் அழிந்துபோகாமல் இருக்க, ஆண் மீன்களின் விந்தை உறைய வைத்துக் காக்கும் வங்கி 1986இல் தொடங்கப்பட்டது.

அப்படியும் வேலை எளிதில் முடியவில்லை. புகழ்பெற்ற லேர்டால் ஆற்றில் 1996இல் நோய் தெரிந்தது. 1997இல் நஞ்சு கலந்தார்கள். 1999இல் புழு மீண்டும் தலைகாட்டியது. பின்னர், மீனைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொல்லும் அளவில் அலுமினியக் கரைசலைப் பயன்படுத்தினார்கள். நோய் நீங்கியது என்று அறிவிக்க 2017 ஆயிற்று. வெஃப்ஸ்னா ஆற்றிலோ 1978இல் வந்த நோய் 2017இல்தான் ஒழிந்தது. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் அது!

இத்தனை பாடுபட்டு ஒழிக்க வேண்டியிருந்த அந்தப் புழுவைத் தடுக்கும் மருந்து எது தெரியுமா? காய்ந்த வலை! ஈரம் போனால் புழு செத்துவிடும். அதனால்தான் ஓர் ஆற்றில் பயன்படுத்திய தூண்டில், வலை, காலணி ஆகியவற்றை நன்றாக உலர்த்தாமலோ மருந்து நீரில் கழுவாமலோ வேறோர் ஆற்றில் இறக்கக் கூடாது என்று நார்வே சட்டம் செய்தது. ஆற்றங்கரைகளில் அதற்கென்று கழுவும் நிலையங்களும் அமைந்தன.

இது எங்கோ பனிநாட்டுக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் நம் தீபகற்ப மலேசியாவின் நெல்வயல்களில் விரால், செப்பாட் முதலிய மீன்கள் உடலெங்கும் புண்ணோடு காணப்பட்டன. அது வேறு நோய். நீரில் வளரும் பூஞ்சை போன்ற ஒரு கிருமியால் வருவது. நோய்பட்ட மீனையோ அது கிடந்த நீரையோ இடம் மாற்றினால் அதுவும் பரவும்.

நம் பிள்ளைகள் தோட்டத்து ஆற்றிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் தூண்டில் போடுகிறார்கள். போடட்டும். ஆனால் ஓரிடத்தில் பிடித்த மீனை வேறு நீரில் விடவேண்டாம். வாளியில் மிஞ்சிய தண்ணீரைத் தரையிலேயே ஊற்றிவிடுங்கள். மீனின் குடலையும் செதிலையும் ஆற்றில் எறியாமல் மண்ணில் புதையுங்கள். வலையை வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு அடுத்த நீரில் இறக்குங்கள். புண்ணோடு மீன்கள் மிதந்தால் மீன்வள இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் நம் முன்னோர். நார்வே மக்கள் நாற்பது ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற பாடத்தை, நாம் வலையை உலர்த்தும் அந்தச் சிறிது நேரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். அந்த நேரத்தைச் செலவிடத் தயங்க வேண்டாம்.