துயருற்ற வீட்டாருக்குத் துணை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது பழமொழி. பிறர் துன்பம் உணராதாரை இடித்துரைக்கவே இதனை நாம் வழங்குகிறோம். ஆயினும், இதனுள் மற்றொரு பொருளும் உண்டு. மனநோய் கண்ட பிள்ளையின் தாய்க்கு, அந்நோயை முன்பே தன் வீட்டில் கண்ட இன்னொரு தாயின் சொல், வேறெவர் சொல்லினும் ஆழமாகச் சென்று சேரும் என்பதே அது. இவ்வுண்மை நம் நாட்டில் எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீண்டது என்பதைச் சிறிது காண்போம்.

பொருநை நாட்டில், கடனா ஆற்றையொட்டி விளங்கும் ஆழ்வார்குறிச்சியை எண்ணிப் பாருங்கள். அங்கே பள்ளி செல்லும் சிறுமி ஒருத்தி உணவும் உறக்கமும் இழந்து, தனக்குள்ளேயே பேசத் தொடங்குகிறாள் என வைத்துக்கொள்வோம். கால் முறிந்த பிள்ளையைக் காண ஊரே திரண்டு வரும். இவ்வீட்டின் கதவோ உள்ளிருந்து தாழிடப்படும். நாளை இவளுக்குத் திருமணம் நடக்க வேண்டுமே என்ற அச்சம் பெற்றோரின் வாயை அடைத்துவிடும். நோய் பிள்ளைக்கு; தனிமை வீட்டார் அனைவருக்கும்.

அத்தகைய வீட்டார் முன்னாளில் எங்கே சென்றனர்? திருச்சிராப்பள்ளியை அடுத்த குணசீலத்துப் பெருமாள் கோயிலுக்கும், புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்துக்கும், ஏர்வாடித் தர்காவுக்கும் சென்றனர், இன்றும் செல்கின்றனர். குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்குவது மரபு. சமயங்கள் வேறாயினும் இவ்விடங்களில் நிகழ்வது ஒன்றே. பக்கத்தில் சோறு பொங்குபவளும் தன் மகனுக்காகவோ மகளுக்காகவோ வந்தவளே. அங்கே வெட்கத்துக்கு இடமில்லை. தமிழ்நாட்டு முத்துசுவாமி கோயில் ஒன்றில் உறவினருடன் தங்கியிருந்த 31 நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் கட்டுரை வெளியிட்டனர். மருந்தும் தனிச் சடங்கும் இன்றியே அவர்களது நோயின் கடுமை குறைந்ததை அவர்கள் கண்டனர். அன்போடு அரவணைக்கும் சூழலே அதற்குக் காரணமாகலாம் என்றும் எழுதினர்.

ஆங்கிலேயர் ஆட்சி வேறொரு வழியை வகுத்தது. சென்னையில் 1794இல் மனநோயாளர் காப்பகம் தோன்றிற்று. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிற்று. மதிலுக்கு உள்ளே நோயாளி, வெளியே வீட்டார் என்ற நிலை உருவாயிற்று.

அம்மதிலில் வாயில் திறந்தவர்களுள் முதன்மையானவர் அமிர்தசரஸ் மருத்துவர் வித்யாசாகர். 1950களில் அவர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளியுடன் வீட்டாரையும் தங்கச் செய்தார். நோயைப் பற்றிய அச்சம் அவர்களிடம் நீங்கிற்று. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் குடும்பம் உடன் தங்கும் முறையை மேற்கொண்டது. பிற்காலத்தில் அங்கேயே, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோரைக் குழுவாக அமர்த்தி, ஒருவரோடொருவர் கலந்து பேசச் செய்தனர். வெறும் விரிவுரை கேட்டவரைவிட, கலந்து பேசிய பெற்றோரிடத்தே பிள்ளையைப் பற்றிய மனப்பான்மை நன்கு மாறிற்று என 1999இல் வெளியான ஆய்வு காட்டியது.

இந்தியாவின் முதற் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்பெறும் சாரதா மேனன், 1961இல் கீழ்ப்பாக்க மருத்துவமனையின் தலைமையை ஏற்றார். 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தை நிறுவினார். அவர் தந்த ஊக்கத்தால் 1989இல் சென்னையில் நோயாளரின் குடும்பத்தாரே ஒன்றுகூடி 'ஆஷா' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அமெரிக்க நாட்டு மாடிசன் நகரில் 1979இல் குடும்பத்தார் கூடித் தொடங்கிய இயக்கமும் இத்தகையதே. உதவி பெற வந்தவர் உதவுவோராக எழுந்து நின்றனர். இது சிறிய மாறுதலன்று.

துணை அற்றுப்போனால் என்ன நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் உலகுக்குக் காட்டியது. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். வீட்டார் உடன் தங்கும் முற்றம் வேறு, வீட்டார் விட்டுச் செல்லும் கொட்டகை வேறு. எனினும், விட்டுச் சென்றவரை மட்டும் பழிப்பது எளிது. ஆண்டுக்கணக்கில் எவர் துணையுமின்றிச் சுமந்து, தோள் சோர்ந்தவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!

நேயர்களே, அன்பும் அனுபவமும் மருத்துவத்துக்கு ஈடாகா. நோய் கண்ட பிள்ளையைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் காலம் தாழ்த்தாமல் அழைத்துச் செல்லுதல் வேண்டும். உயிருக்கே இடரெனத் தோன்றினால் ஒரு நாழிகையும் பொறுத்தலாகாது. 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி வழியாகவும் ஆலோசனை பெறலாம். ஆனால், மருத்துவர் பிள்ளையைக் காண்பது சில நிமிடம். வீட்டார் கண்விழித்திருப்பதோ இரவு முழுவதும். மாத்திரையை உண்ண மறுக்கும் பிள்ளையிடம் எவ்வாறு பேசுவது, பள்ளி ஆசிரியரிடம் எதைச் சொல்வது, உடன்பிறந்த சிறுவனுக்கு எவ்வாறு விளக்குவது என்பவற்றை, அவ்விரவுகளைக் கடந்தவரே சொல்ல வல்லவர்.

இதற்குப் பெருங்கட்டடம் வேண்டா. ஆழ்வார்குறிச்சி போன்ற ஊரில் மாதம் ஒரு மாலை, ஒரு பள்ளியறை, நான்கு குடும்பங்கள் இருந்தால் போதும். கேட்டதை வெளியே சொல்லாத நாவடக்கம் மட்டும் இன்றியமையாதது. நம் முன்னோர் கோயில் முற்றத்திலும் தர்கா நிழலிலும் அறியாமலே பெற்ற துணையை, நாம் அறிந்தே அமைத்துக்கொள்ளலாம். தாழிட்ட கதவை வெளியிலிருந்து தட்டும் கை, அதே துயரை அறிந்த கையாக இருக்குமானால், அக்கதவு திறக்கும்.