துப்பாக்கியும் எல்லைக்கோடும்

சென்ற மார்கழியில் என் தங்கை மகனை அழைத்துக்கொண்டு வாலிநோக்கத்துக்குப் போயிருந்தேன். பையன் டெக்சாஸில் வேலை பார்க்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். மன்னார் வளைகுடாவின் கரையில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வெள்ளை வெளேரென்று உப்பளங்களுமாகக் கிடக்கும் ஊர் அது. பொழுது சாய்கிற வேளை. தலைக்கு மேலே கூழைக்கடாக்கள் வரிசை பிடித்து, மேலச்செல்வனூர்க் கண்மாயை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இங்கே இதையெல்லாம் சுட விடுவார்களா?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "சுடுறதா? அதுக்குத் துப்பாக்கி வேணுமே, தம்பி! லைசென்சுக்கு எழுதிப் போட்டுட்டு நீங்க நடையா நடக்கணும். அதுக்குள்ளே இந்தப் பறவை வடக்கே போயி, குஞ்சு பொரிச்சு, பேரப்பிள்ளையோட திரும்பி வந்துரும்!"

எல்லாரும் சிரித்தோம். பையன் சிரித்துவிட்டுத் தன் ஊர்க்கதையைச் சொல்லத் தொடங்கினான். அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தடை ஏதும் இல்லாத இருபத்தொரு வயதுக்காரர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு நடக்கலாம். நியூயார்க்கிலோ 1911-இல் வந்த சலிவன் சட்டம் முதற்கொண்டு கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். வேட்டையும் அப்படியே. டெக்சாஸில் பெரும்பாலான நிலம் தனியாருடையது. சொந்தக்காரருக்குப் பணம் கட்டித்தான் காட்டுக்குள் போக முடியும். நெவாடாவில் ஐந்தில் நாலு பங்கு மத்திய அரசின் நிலம். சாதாரண மனிதன்கூட மாநில வேட்டை லைசென்ஸோடு அதில் இறங்கலாம். வாத்துச் சுடுகிறவர்கள் மட்டும் எந்த மாநிலத்தவரானாலும் மத்திய அரசின் வாத்துத் தலை ஒன்றை விலைக்கு வாங்க வேண்டும். அந்த வழக்கம் 1934-இல் வந்தது.

"ஒரு கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும், மாமா. இந்த மாதிரி வேடிக்கையை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நின்றுகொண்டிருந்த மண்ணே அந்த வேடிக்கையை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் பார்த்த மண்.

வாலிநோக்கத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிப் போனால் வேம்பாறு. அதற்கும் அப்பால் ஒட்டப்பிடாரம் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி. 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குச் சில நாட்களுக்குள் மேஜர் பானர்மன் வெளியிட்ட ஆணையை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறி வைத்திருப்பவனுக்கு மரணம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில்தான் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரர், முதுகுளத்தூர், கமுதி வட்டாரத்தில் கும்பினியாரின் கச்சேரிகளைத் தாக்கி, அவர்களுடைய ஆயுதங்களையே எடுத்துக் குடிமக்களிடம் கொடுத்திருந்தார். கும்பினியாரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

1801 அக்டோபர் 24-ஆம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் முதல் தேதி, சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர் சீமைகளில் இனி ஆயுதமே கூடாது. அமைதியாக இருந்தால் நிரந்தரமான வரித் திட்டம் உண்டு. சுருங்கச் சொன்னால், வாளைக் கொடு, பட்டாவை வாங்கிக்கொள் என்ற பேரம். இராமநாதபுரம் சேதுபதியின் சீமையும் 1803-இல் ஜமீன் ஆயிற்று. மறுத்தவர்களுக்குப் பேரமும் கிடையாது. மயிலப்பனை 1802-இல் பிடித்துக் கொன்றார்கள்.

ஆனால் திருப்பத்தூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஓர் எல்லைக்கோடு. அதற்கு அப்பால் புதுக்கோட்டைச் சமஸ்தானம். தொண்டைமான் கும்பினியாருக்கு நண்பர். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர். ஆகவே அங்கே ராஜாவும் இருந்தார், ராஜாவின் ஆயுதசாலையும் இருந்தது. ஒரே மொழி, ஒரே ஜனங்கள், ஒரே முள்ளுக்காடு. கோட்டுக்குத் தெற்கே ஆயுதம் குற்றம். வடக்கே அது அரண்மனை அலங்காரம்.

இதற்கு ஒரு சாட்சி வளரி. சின்ன மருது எறிவதில் பெயர் பெற்ற அந்த வளைந்த கோலை, தாமே அவரிடம் எறியக் கற்றதாக வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். கற்றுக் கொடுத்தவரை எதிர்த்தே பிறகு போருக்குப் போனவர் அவர். நூறு ஆண்டு கழித்துச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வளரியைப் பற்றி விசாரித்தபோது, பதில் எழுதியவர் புதுக்கோட்டைத் திவான். எப்போதாவது முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எறிகிறார்கள்; மற்றபடி அது பூஜை அறையில் இருக்கிறது; ஆயுத பூஜையன்று எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்கள் என்று அவர் தெரிவித்தார். 1909-இல் வந்த தர்ஸ்டனின் நூலில் அது இருக்கிறது. கோட்டுக்கு வடக்கேகூட ஆயுதம் இருந்தது, எறியத் தெரிந்த கை இல்லாமல் போயிற்று. ஆயுதத்தைப் பறிப்பதைவிட இது பெரிய நஷ்டமோ என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

பிறகு 1878-இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தை இந்தியா முழுவதற்கும் இறுக்கினார். இப்போது கோடு நிலத்தில் இல்லை, தோலில் இருந்தது. இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். முதல் உலகப் போர் முடிந்த பிறகே அந்த வேற்றுமை போயிற்று. இந்தியர்களிலும் ஒரு சாராருக்கு விலக்கு இருந்தது: குடகர்கள். விசுவாசத்துக்குப் பரிசாக 1861-இல் கிடைத்த சலுகை அது. குடகில் இன்றும் ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, ஒருவர் இறந்தால் இரண்டு வெடி என்று வானை நோக்கிச் சுடுவார்கள். 2019-இல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டியிருக்கிறது. கிளர்ச்சி செய்த மறவர் சீமைக்குத் தூக்குக் கயிறு. துணை நின்ற குடகுக்குத் துப்பாக்கி. சட்டப் புத்தகத்தில் துப்பாக்கி என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் நம்பிக்கை என்று படித்துப் பாருங்கள், சரித்திரம் தெளிவாகிவிடும். ஆள்பவன் யாரை நம்பினானோ அவன் கையில் அது இருந்தது.

சுதந்திரம் வந்தால் எல்லாரையும் நம்புவோம் என்றுதான் நம் தலைவர்களும் நினைத்தார்கள். 1931-இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று தீர்மானம் போட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்க வேண்டினார். பிரிவினையின் ரத்தம் அப்போது உலர்ந்திருக்கவில்லை; சபை ஏற்க மறுத்துவிட்டது. ஆயுதங்கள் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் சேர்ந்தன. 1959-இல் புதிய சட்டம் வந்தது. அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு ஒரு சட்டம் நமக்கு இல்லாமற்போனது இப்படித்தான்.

"அப்படியானால் நாட்டில் யாருமே வேட்டையாடவில்லையா?" என்று பையன் கேட்டான்.

ஆடினார்கள். ஜமீன்தார்கள் ஆடினார்கள், கலெக்டர்கள் ஆடினார்கள். கடைசியில் வயிற்றுக்காக ஆடியவர்கள் நரிக்குறவர்கள். நாட்டுத் துப்பாக்கியை மருந்து இடித்து நிரப்பி, கொக்கும் மடையானும் சுட்டுச் சந்தையில் விற்றுப் பிழைத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் மிச்சம் மீதி இருந்த வேட்டை லைசென்ஸுகளும் ஒழிந்தன. சட்டம் நல்லது, பறவைகள் பிழைத்தன. ஆனால் பொழுதுபோக்குக்குச் சுட்டவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போனார். நரிக்குறவர் ஊசிமணி பாசிமணியோடு பஸ் நிலையத்துக்குப் போனார். இரண்டு நஷ்டமும் ஒன்றாகுமா?

இருட்டிவிட்டது. கண்மாய்ப் பக்கமிருந்து பறவைகளின் இரைச்சல் கேட்டது. மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்க் கண்மாய்கள் 1998 முதல் சரணாலயம். மயிலப்பனின் சித்திரங்குடி 1989-லேயே சரணாலயம் ஆகிவிட்டது. அவர் துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்த ஊரில் இன்று ஒரு வெடிச் சத்தமும் கூடாது.

மருதுவின் திருப்பத்தூருக்கு அருகே வேட்டங்குடி இருக்கிறது. பெயரைக் கேட்டால் வேட்டை நினைவுக்கு வரும். ஆனால் அதுவும் 1977 முதல் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், மரத்திலிருக்கும் குஞ்சுகள் மிரளுமென்று, பல தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்தக் கவர்னரும் அதற்குப் பிரகடனம் போடவில்லை. மீறினால் தூக்கு என்று சொல்லவில்லை. குழந்தைகள் கேட்டிருப்பார்கள், அம்மாக்கள் சமாதானம் சொல்லியிருப்பார்கள்.

இதைச் சொன்னேன். பையன் வெகுநேரம் பேசவில்லை. பெரியவர் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"அங்கேயெல்லாம் சட்டம் நிக்கிறது எதனாலேன்னு நினைக்கிறீங்க, தம்பி?" என்றார். "போலீசாலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ன நினைப்பானோங்கிற வெட்கத்தாலே."

கும்பினியார் ஒரு சீமையையே நிராயுதபாணியாக்கினார்கள். அதற்குப் பட்டாளமும் தூக்குமரமும் வேண்டியிருந்தன. ஒரு சின்ன கிராமம் தன் கையிலிருந்த பட்டாசைத் தானே கீழே வைத்தது. இரண்டும் அதே சிவகங்கைச் சீமையில் நடந்தவைதாம்.