பெயரும் பொருளும்: மேக்ரோவின் கதை



வட சென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே செல்வோர் டோல்கேட் என்னும் இடத்தைக் கடந்து செல்வர். சுங்கம் வாங்கிய சாவடியால் வந்த பெயர் என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது. 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் நிலையத்திற்கும் அதே பெயர் வாய்த்துள்ளது. "டோல்கேட்டில் இறங்கு" என்று ஒருவர் கூறினால், சுங்கம் செலுத்திவிட்டு இறங்க வேண்டும் என்று நாம் பொருள் கொள்வதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் ஆற்றல் நமக்கு உண்டு.

அருகிலுள்ள துறைமுகத்திலும் இவ்வாற்றலைக் காணலாம். கப்பல்கள் கொடிகளால் பேசிக்கொள்ளும் முறையைப் பிரிட்டிஷ் வாணிக வாரியம் 1857ஆம் ஆண்டில் நூலாக்கி வெளியிட்டது. இன்று வழங்கும் பன்னாட்டுக் குறியீட்டு நூலின்படி, மஞ்சளும் நீலமும் நெடுக்கில் மாறி மாறி அமைந்த கொடியைக் கப்பல் ஒன்று ஏற்றினால், "எனக்குப் பைலட் தேவை" என்பது பொருள். மீன்பிடிக்கும் இடத்தில் நெருங்கி நின்று தொழில் செய்யும் படகு அதே கொடியை ஏற்றினால், "வலையை இழுத்துக்கொண்டிருக்கிறேன்" என்பது பொருள். கொடி ஒன்று, பொருள் இரண்டு. பார்ப்பவர் ஏற்றியவர் யார் என்று நோக்கித் தெளிகிறார்.

பார்ப்பது மனிதராக இல்லாமல் பொறியாக இருந்தால் என்ன நேரும்? அதனை அறியச் சி மொழியின் மேக்ரோவைக் காட்டிலும் நல்ல சான்று இல்லை.

1950களில் கணிப்பொறிக்கு நிரல் எழுதியோர் ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தது. அச்சலிப்பைப் போக்க, ஒரு தொகுதிக்கு ஒரு பெயரிட்டு, அப்பெயர் வரும் இடந்தோறும் தொகுதியைப் பொறியே நிரப்பிக்கொள்ளும்படி செய்தனர். இதுவே மேக்ரோ. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய், இம்முறையை உயர்நிலை மொழிகளுக்கும் விரிக்கலாம் என்று விளக்கிக் கட்டுரை எழுதினார்.

அதே ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். 1972, 1973ஆம் ஆண்டுகளை ஒட்டி அதனுடன் முன்செயலி சேர்ந்தது. அவ்வாறு சேர்வதற்கு ஆலன் ஸ்னைடர் என்பவரின் வற்புறுத்தலும் ஒரு காரணம் என்று ரிச்சியே பதிவு செய்துள்ளார். தொடக்கத்தில் முன்செயலி வேண்டுவோர் மட்டும் அழைத்துக்கொள்ளும் துணைக்கருவியாகவே இருந்தது. வேறு கோப்பைச் சேர்ப்பதும், ஒரு பெயருக்குப் பதிலாக ஒரு தொடரை வைப்பதுமே அதன் பணிகள். பின்னர் மைக் லெஸ்கும் ஜான் ரைசரும் அதனை விரிவாக்கினர். 1989ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலை அதன் விதிகளை வரையறுத்தது.

முன்செயலி, பெயருக்கேற்ப, நிரல்பெயர்ப்பிக்கு முன்னே பணி செய்வது. நிரலை வாசித்து, மேக்ரோவின் பெயர் தனிச்சொல்லாக வரும் இடங்களில் அதன் விரிவை வைக்கிறது. மேற்கோள் குறிக்குள் உள்ளதை அது தொடாது. வேறொரு நீண்ட பெயரின் பகுதியாக வருவதையும் தொடாது. இவ்வளவில் அது மிகவும் ஒழுங்கானது. ஆனால் அது கணக்குப் போடுவதில்லை. எழுத்தைப் பெயர்த்து வைப்பதோடு அதன் கடமை முடிந்தது.

இதனால் வரும் கேட்டை ஒரு கற்பனைச் சுங்கச் சாவடியில் காண்போம். வண்டி ஒன்றுக்கு அடிப்படைக் கட்டணம் 2 ரூபாய். கூடுதல் கட்டணம் 3 ரூபாய். நிரலாசிரியர் "சுங்கம்" என்னும் மேக்ரோவுக்கு "2 + 3" என்று விரிவு தருகிறார். நான்கு வண்டிகள் வந்தன. அவர் "4 × சுங்கம்" என்று எழுதுகிறார். வர வேண்டியது 20 ரூபாய். முன்செயலி வைத்ததோ "4 × 2 + 3". கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பது விதியாதலின், எட்டும் மூன்றும் சேர்ந்து 11 ரூபாய் ஆயிற்று. ஒன்பது ரூபாய் மறைந்தது. எச்சரிக்கை ஒன்றும் எழவில்லை. நிரல்பெயர்ப்பி கண்டது இலக்கணப் பிழையில்லாத கோவை அன்றோ? அஃது எவ்வாறு குறை கூறும்?

நம் மொழியிலும் இத்தகைய மயக்கம் உண்டு. "புதிய பள்ளி ஆசிரியர்" என்றால் புதியது பள்ளியா, புதியவர் ஆசிரியரா? நாம் இடம் நோக்கித் தெளிகிறோம். முன்செயலிக்கு அத்தெளிவு இல்லை. ஆதலின் விரிவை "(2 + 3)" என்று அடைப்புக்குறிக்குள் வைத்தல் வேண்டும்.

மேக்ரோ உள்ளீடு பெறுமானால் மேலும் விழிப்பு வேண்டும். "வர்க்கம்(அ)" என்பதன் விரிவு "அ × அ" எனில், "வர்க்கம்(2 + 3)" என்பது "2 + 3 × 2 + 3" ஆகி, 25க்கு மாறாக 11 தரும். உள்ளீடு ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் வைத்தால் இது தீரும். "100 ÷ வர்க்கம்(5)" என்று எழுதினால் இன்னொரு பிழை எழும். முழு விரிவையும் வெளியே ஓர் அடைப்புக்குறி காக்க வேண்டும்.

அடைப்புக்குறியாலும் தீராத பிழை ஒன்று உண்டு. உள்ளீட்டிலேயே, "எண்ணிக்கையில் ஒன்று கூட்டு" என்னும் செயல் இருந்தால், விரிவில் அச்செயல் இரு முறை எழுதப்பட்டுவிடும். அப்போது விளைவு இன்னதென்று சி மொழியே உறுதி கூறுவதில்லை. இத்தகைய இடங்களில் செயற்கூறு எழுதுவதே தக்கது. செயற்கூறு தன் உள்ளீட்டை ஒரு முறை மதிப்பிட்டுப் பெற்றுக்கொள்ளும்.

மேக்ரோவால் ஒரு மொழியின் தோற்றத்தையே மாற்றலாம் என்பதற்கும் வரலாற்றில் சான்று உள்ளது. 1979ஆம் ஆண்டில் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. அதிலிருந்த ஷெல் நிரலை எழுதிய ஸ்டீபன் பூர்ன், தமக்குப் பழகிய அல்கால் 68 மொழியைப் போல் சி மொழி தோன்றும்படி மேக்ரோக்களை அமைத்திருந்தார். பொறி அதனைத் தடையின்றி ஏற்றது. படித்த மனிதர் திகைத்தனர். எளிதில் விளங்காத சி நிரல்களுக்கான பன்னாட்டுப் போட்டி 1984ஆம் ஆண்டில் தோன்றுவதற்கு அந்நிரலும் ஒரு தூண்டுகோல் ஆயிற்று.

மேக்ரோ தீயது என்று கொள்ளல் வேண்டா. ஒரே நிரலைப் பல வகைப் பொறிகளுக்கு ஏற்றவாறு தேர்ந்து அமைப்பதற்கு அது இன்றும் உதவுகிறது. அதன் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது ஆங்கில எழுத்தில் நிரல் எழுதுவோரின் மரபு. "இங்கே எழுத்து மாற்றம் நிகழும்" என்று அது படிப்போரை எச்சரிக்கும். முன்செயலி தன் வேலையை முடித்த நிலையில் நிரலைத் தனியே காட்டும் வசதியும் நிரல்பெயர்ப்பிகளில் உண்டு. விடை தவறினால் முதலில் அதனைப் பாருங்கள். எழுத நினைத்ததையன்றிப் பொறிக்கு உண்மையில் சென்றதை அங்கே காண்பீர்கள். பிழையும் அங்கேயே கண்ணில் படும்.